ஊளையிட்டதாக ஒப்புக்கொண்டார்

எனக்குக் குரல் சின்னது. தாம்பரத்தில் பஸ் ஏறி முடிச்சூர் போகும்போது என் நிறுத்தத்தில் வேறு யாரும் இறங்கவில்லை என்றால் நானும் இறங்க முடியாது. "இறங்கணும்" என்று நான் சொல்வது முன்னால் நிற்பவரின் முதுகைக்கூடத் தாண்டாது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, கல் நட்டு வைத்த மனைகளுக்கு நடுவே திரும்பி நடந்து வருவேன். கண்டக்டர் மேல் எரிச்சல் வரும். அதைவிட என் மேல் வரும். இப்படிப்பட்ட எனக்குக் கிடைத்த வேலை, அடுத்தவர்கள் கத்தியதை ஆங்கிலத்தில் டைப் அடிப்பது.

நாள் முழுக்க அதுவே வேலை என்று சொல்ல முடியாது. குரோம்பேட்டைப் பக்கம் ரயில் பாதைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பிரஸ் ஷாப்பில் நான் டைப்பிஸ்ட். வண்டிகளுக்கு வேண்டிய தகட்டுப் பாகங்களை அச்சில் அடித்து எடுக்கும் தொழிற்சாலை. கேட் பாஸ், லீவு விவரம், ஷிஃப்ட் மாற்றம் என்று எதையாவது அடித்துக்கொண்டிருப்பேன். வருஷத்துக்கு நாலைந்து முறை மெமோ வரும். தொழிலாளி தமிழில் பேசுவார், தமிழில் சண்டை போடுவார், தமிழில் கத்துவார். அவர் கைக்குப் போகும் மெமோ மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும். வாங்கியவர் அதை யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்வார். பெரும்பாலும் அடித்த என்னிடமே கொண்டு வருவார்.

நான் படித்தது ப்ளஸ் டூ, தமிழ் மீடியம். மேற்குத் தாம்பரத்தில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் ஆங்கில டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தேன். அங்கே ஆங்கிலம் கற்கவில்லை. எழுத்துகள் கண்ணிலிருந்து விரலுக்குப் போகக் கற்றேன். நடுவில் நின்று அர்த்தம் யோசித்தால் வேகம் குறையும். நிமிஷத்துக்கு முப்பது வார்த்தை அடிப்பேன், அதில் இருபதுக்கு அர்த்தம் தெரியாது. அது ஒரு குறை என்று அந்த நாளில் எனக்குத் தோன்றவில்லை. எழுத்துப் பிழை இல்லாமல் அடிக்கிறேன் என்று பெருமைகூட இருந்தது.

பர்சனல் ஆபீசர் எதையும் புதிதாக எழுத மாட்டார். அலமாரியில் ஒரு தடிமனான பச்சை ஃபைல் இருந்தது. லேட்டாக வந்ததற்கு ஒரு மாதிரி, தூங்கியதற்கு ஒரு மாதிரி, கத்தியதற்கு ஒரு மாதிரி. "பழசுல ஒண்ணு எடுத்து பேரையும் தேதியையும் மாத்திப் போடுப்பா" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார். வக்கீல் பார்த்துக் கொடுத்த வாசகம், அதைக் கலைத்தால் கோர்ட்டில் நிற்காது என்று ஒரு நம்பிக்கை. பேரும் தேதியும் தவிர ஒரு கமாவைக்கூடத் தொடக் கூடாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் நம்பர் பிரஸ்ஸில் வேலை செய்தவர் அனகாபுத்தூரிலிருந்து சைக்கிளில் வருவார். அப்போது அவருக்கு நாற்பது வயதுக்கு மேல். நான் அவரை அண்ணா என்பேன். அவருக்குக் குரல் பெரியது. சாப்பாட்டு நேரத்தில் அவர் மெதுவாகச் சொல்வதாக நினைத்துச் சொல்லும் ரகசியம் வாசல் கேட் வரை கேட்கும். ஆபீசில் இருக்கும் என்னிடம் ஷாப் பக்கத்து ஆட்கள் அதிகம் பேச மாட்டார்கள். அவர் மட்டும், "இன்னா தம்பி, இன்னிக்கு எவன் தலைய டைப் அடிச்ச?" என்று கேட்டுவிட்டுத்தான் டிபன் டப்பாவைத் திறப்பார்.

பிரஸ் ஷாப்பில் நிற்காதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏழெட்டு பிரஸ்கள் ஒன்றாக ஓடும்போது அங்கே பேச்சு என்பது கிடையாது. பக்கத்தில் நிற்பவர் வாய் அசைவது தெரியும், சொல் வராது. அச்சுக்குள் மாட்டிய தகட்டுத் துணுக்கைத் தள்ள ஒருவர் கையை விடும் நேரத்தில், மிதித்தால் பிரஸ் இறங்கும் பெடல்மேல் கால் வைத்திருப்பவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் விரல் போய்விடும். பேர் சொல்லிக் கூப்பிட நேரம் இருக்காது. அதனால் அந்த ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. யார் கண்ணில் முதலில் படுகிறதோ அவர் வயிற்றிலிருந்து ஒரு சத்தம் கொடுப்பார். "ஹோஓய்" என்று அண்ணன் கொடுப்பது மிஷின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு ஆபீஸ் வரை வரும். அந்தச் சத்தம் கேட்டால் எல்லோரும் கையை எடுத்துவிட்டு அப்புறம்தான் என்ன ஏது என்று பார்ப்பார்கள். யாரைப் பார்த்துக் கொடுத்தது என்று யாரும் கேட்டதில்லை. யாரும் கோபித்துக்கொண்டதும் இல்லை.

அன்றைக்கு நான் ஷிஃப்ட் மாற்ற நோட்டீசை ஒட்டப் பசை பாட்டிலோடு உள்ளே போயிருந்தேன். புதிதாக வந்த புரொடக்ஷன் எஞ்சினியர், வெளியூரிலிருந்து வந்த வாடிக்கையாளர்கள் மூன்று பேருக்கு ஷாப்பைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் நம்பர் பிரஸ் பக்கம் நின்று, பாகம் எப்படி வருகிறது என்று காட்ட, அச்சுக்குள் இருந்த தகட்டை எடுக்கக் குனிந்து கையை உள்ளே விட்டார். அந்த பிரஸ்காரர் வந்தவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் பெடல்மேல் இருந்தது. இரண்டாம் நம்பரிலிருந்து அண்ணன் சத்தம் கொடுத்தார். எஞ்சினியர் துள்ளிக் கையை இழுத்தார். பிரஸ் இறங்கியது. அவர் பின்னால் சரிந்து துணுக்குத் தொட்டிமேல் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை முதுகு முழுக்க எண்ணெய். வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்பு மட்டும் இல்லையென்றால் மெமோவே வந்திருக்காது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

நான் பசை பாட்டிலோடு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றேன். கை உள்ளே இருந்ததையும் பார்த்தேன், பிரஸ் இறங்கியதையும் பார்த்தேன். நோட்டீசை ஒட்டாமலே ஆபீசுக்குத் திரும்பி வந்தேன்.

மதியம் பர்சனல் ஆபீசர் கூப்பிட்டார். வெளியாட்கள் முன்னால் ஒரு தொழிலாளி மேலதிகாரியைப் பார்த்துக் கத்தினார் என்று எஞ்சினியர் எழுதிக் கொடுத்திருந்தார். கை உள்ளே இருந்ததைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. "கத்தினதுக்கு ஒரு மெமோ போட்டுடு" என்றார் ஆபீசர். நான் பச்சை ஃபைலை எடுத்தேன். கத்தியதற்கு இருந்த மாதிரி, சில வருஷம் முன்னால் கேட்டில் நடந்த ஒரு தகராறுக்கு அடித்தது. பன்னிரண்டு பேர் கூடி நின்று கோஷம் போட்ட சமயம் அது. பன்னிரண்டு பேருக்குப் போட்ட வாசகத்தில் மூன்று வினைச்சொற்கள் வரிசையாக இருந்தன. ஷவுட்டட், யெல்டு, ஹௌல்டு. நான் பன்னிரண்டு பேரை எடுத்துவிட்டு ஒரு பேரைப் போட்டேன். தேதியை மாற்றினேன். மற்றதெல்லாம் கண்ணிலிருந்து விரலுக்குப் போய்விட்டது. பிழை ஒன்றும் இல்லை. ஆபீசர் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் அண்ணன் அதே காகிதத்தை என்னிடம் கொண்டு வந்து படிக்கச் சொன்னார். மேலதிகாரியைப் பார்த்துக் கத்தினீர்கள் என்று போட்டிருக்கிறது, ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறார்கள் என்றேன். மூன்று சொற்களையும் ஒரே 'கத்தினீர்கள்' என்றுதான் சொன்னேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"ஏன் கத்துனேன்னு போட்டுக்கீதா?"

இல்லை என்றேன்.

"அப்ப பதில்ல அத நீ எழுது."

என் கையெழுத்து ஆபீசருக்குத் தெரியும், வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள் என்றேன். அவர் சரி என்று போய்விட்டார். அவர் தெருவில் யாரோ எழுதிக் கொடுத்தார்கள். கை அச்சுக்குள் இருந்தது, அதனால் சத்தம் கொடுத்தேன் என்று தமிழில், அரைப் பக்கம். அதற்கான பதிலும் பச்சை ஃபைலில் தயாராக இருந்தது. உங்கள் விளக்கம் திருப்தியாக இல்லை, விசாரணை முடியும்வரை உங்களை வேலையிலிருந்து நிறுத்தி வைக்கிறோம். அதையும் நான்தான் அடித்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் நான் வெளியே வரும்போது எதிர் டீக்கடையில் அண்ணன் நின்றிருந்தார். வேலை போய்விடும் என்று எல்லோரும் சொல்கிறார்களாம். மூன்றாம் நம்பர்காரர் தான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டாராம். அவர் கால்தானே பெடலில் இருந்தது, பார்த்தேன் என்றால் அவருக்கும் மெமோ வரும்.

"நீ அங்கதான நின்னுகினு இருந்த? பசையும் கையுமா. கை உள்ள இருந்துச்சு, அதான் கத்துனான்னு ஒரு வார்த்த சொல்லு தம்பி. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

சொல்கிறேன் என்றேன். "இன்னா, கேக்கல" என்று குனிந்து காதைக் கொடுத்தார். மறுபடி சொன்னேன்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் பர்சனல் ஆபீசர், வெளியிலிருந்து ஒரு வக்கீல் வருகிறார், அவர்தான் விசாரணை அதிகாரி, நடப்பதை அவர் சொல்லச் சொல்ல நீ டைப் அடிக்க வேண்டும் என்றார். விசாரணையை எழுதுகிறவன் சாட்சியாக இருக்க முடியாது. அது எனக்குத் தெரியும், அந்த ஃபைலில் அதுவும் இருந்தது. "சார், அன்னிக்கு நான் அங்க இருந்தேன்" என்று சொல்லியிருந்தால் போதும். ஐந்து வார்த்தை. அவர் முகத்தைப் பார்த்தேன். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். "சரி சார்" என்றேன்.

விசாரணை ஆபீஸ் மாடியில் நடந்தது. ஒரு மேஜை, வக்கீல், ஆபீசர், எதிரே அண்ணன், ஓரத்தில் டைப்ரைட்டரோடு நான். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். என்னை அந்த இடத்தில் பார்த்ததும் முதலில் அவர் முகம் தெளிந்தது. நான் பேசத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். எனக்கு முன்னால் மிஷின் இருப்பதை அப்புறம்தான் கவனித்தார்.

வக்கீல் மெமோவைக் கையில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு குற்றச்சாட்டு என்றும், ஒவ்வொன்றாகத் தமிழில் கேட்பதாகவும், ஆமா இல்லை என்று மட்டும் பதில் சொன்னால் போதும் என்றும் சொன்னார். நல்ல மனிதர்தான். வேகமாக முடித்துவிட்டு மின்சார ரயில் பிடிக்க வேண்டும் என்ற அவசரம் தவிர அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

"கத்தினீங்களா?"

"கத்துனேன் சார். கை போயிருக்கும் இல்ல?"

"கத்தினீங்க. அதை மட்டும் சொல்லுங்க." என் பக்கம் திரும்பி, ஒப்புக்கொண்டார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் அடித்தேன்.

"கூச்சல் போட்டீங்களா?"

"அதான் சார் இப்ப சொன்னேன். ஒரு வாட்டிதான் கத்துனேன்."

"இது தனி. கூச்சல் போட்டீங்களா, இல்லையா?"

"அதே சத்தந்தான் சார்."

ஒப்புக்கொண்டார். அடித்தேன்.

மூன்றாவது சொல்லுக்கு வக்கீலே ஒரு நொடி யோசித்தார். பிறகு, "ஊளையிட்டீங்களா?" என்றார்.

அண்ணன் ஆபீசரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத ஒரு முகம்.

"இன்னா சார், நாயா நானு? ஊள வேற வுட்டேனா?" ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிறகு கையை விரித்தார். "சரி, போட்டுக்க சார். எல்லாம்தான் போட்டாச்சே, அத்தையும் போட்டுக்க."

வக்கீல் என் பக்கம் திரும்பினார். ஒப்புக்கொண்டார்.

என் விரல் நின்றது. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் கேலியாகச் சொல்கிறார் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும், வக்கீலுக்கும்தான். காகிதத்தில் கேலி தெரியாது. நான் அடித்தேன். ஆனால் முதல் பதிலுக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. உருளையைப் பின்னால் சுற்றி, எஞ்சினியரின் கை அச்சுக்குள் இருந்தது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்தேன். என் வாழ்நாளில் யாரும் சொல்லாமல் நானாக அடித்த முதல் ஆங்கில வரி. இலக்கணம் சரியா என்றுகூடத் தெரியாது.

ஆபீசர் பக்கத்தை எடுத்துப் பார்த்தார். பேனாவால் அந்த வரிமேல் கோடு கிழித்தார். கோபப்படவில்லை. "சார் சொன்னதை மட்டும் அடிக்கணும்ப்பா. ஃப்ரெஷ்ஷா ஒண்ணு போட்டுடு" என்றார். புதுக் காகிதம் செருகி, கார்பன் வைத்து, அந்த வரி இல்லாமல் முழுப் பக்கத்தையும் மறுபடி அடித்தேன். எல்லோரும் காத்திருந்தார்கள்.

ஒவ்வொரு பக்கத்திலும் தொழிலாளி கையெழுத்துப் போட வேண்டும். படித்துச் சொல்லட்டுமா என்று வக்கீல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அண்ணன் வேண்டாம் என்றார். "தம்பிதான அடிச்சிது, சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, தமிழில் தன் பேரை ஒவ்வொரு பக்கத்திலும் நிதானமாக எழுதினார். நான் கார்பன் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கியதையே கலைத்து மறுபடி அடுக்கினேன்.

அந்த வாரம் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் ஒரு ஆங்கிலம் தமிழ் அகராதி வாங்கினேன். கத்துவதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொற்களைத் தேடினேன். ஷவுட், உரக்கக் கத்து. யெல், கூச்சலிடு. ஸ்க்ரீம், அலறு. ஷ்ரீக், கிறீச்சிடு. ரோர், கர்ஜி. பெல்லோ, எருதுபோல் முழங்கு. ஹௌல், ஊளையிடு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகச் சொல்லும், அங்கே போனால் மூன்றாவதற்கு அனுப்பும். பயந்து கத்துவதற்கு ஒன்று, கோபத்தில் கத்துவதற்கு ஒன்று, வலியில் கத்துவதற்கு ஒன்று என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். இன்னொருவர் கை போகக் கூடாது என்று கத்துவதற்கு ஒன்று இருக்கும் என்று நம்பி எஸ் வரிசை, சி வரிசை எல்லாம் புரட்டினேன். கிடைக்கவில்லை. இருந்து நான்தான் பார்க்காமல் விட்டேனோ என்னவோ. கிடைத்திருந்தாலும் என்ன செய்திருப்பேன்? பக்கம் ஃபைலுக்குள் போய்விட்டது, கையெழுத்தோடு. அகராதியைப் பார்க்கும்போதெல்லாம் என் மேலேயே எரிச்சல் வந்தது. இதை மெமோ அடிக்கும் முன் வாங்கியிருந்தால் ஊளையையாவது எடுத்திருப்பேன்.

மூன்று குற்றச்சாட்டும் நிரூபணமானதாக வக்கீல் அறிக்கை கொடுத்தார். டிஸ்மிஸ் ஆர்டருக்கான மாதிரியை ஆபீசர் எடுத்து வைக்கச் சொன்னார். அடிப்பதற்குள் ஒரு வழி சொன்னார். பழைய ஆள், வேலை தெரிந்தவர், மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், எஞ்சினியரிடமும் பேசிவிட்டேன் என்றார். அந்த மாதிரியும் இருந்தது. நடந்ததற்கு வருந்துகிறேன், இனிமேல் தொழிற்சாலை எல்லைக்குள் எந்தக் காரணத்துக்காகவும் கத்த மாட்டேன்.

அண்ணன் கேட் பக்கத்து அறையில் உட்கார்ந்து நான் வாசித்துக் காட்டியதைக் கேட்டார். இந்த முறை ஒரு சொல் விடாமல், அர்த்தம் பார்த்து வைத்துக்கொண்டு சொன்னேன்.

"இதுலயும் ஏன் கத்துனேன்னு இல்ல."

ஒரு வரி சேர்க்கலாமா என்று போய் ஆபீசரைக் கேட்டேன். அது எனக்குப் பெரிய காரியம். மன்னிப்புக் கடிதத்தில் நியாயம் பேசக் கூடாது, அப்புறம் அது மன்னிப்புக் கடிதமே இல்லை என்றார். திரும்பி வந்து சொன்னேன். அண்ணன் பேனாவை வாங்கினார். வீட்டில் கல்யாண வயதில் பெண் இருந்தாள். கையெழுத்துப் போட்டார். இந்த முறை தம்பி அடித்தது சரியாக இருக்கும் என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குச் சேர்ந்தார். எழுதிக் கொடுத்ததை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தார்.

அந்த நாளிலிருந்து இரண்டாம் நம்பரிலிருந்து சத்தம் வரவில்லை. எங்கேயாவது ஒரு கை அச்சுக்குள் போவதைப் பார்த்தால் அண்ணன் தன் மிஷினை நிறுத்துவார். சக்கரம் அடங்கும்வரை நிற்பார், அப்படித்தான் நிற்க வேண்டும் என்று விதி. பிறகு நடந்து போய் அந்த ஆளின் தோளைத் தட்டுவார். கையைக் காட்டுவார். திரும்பி வந்து மிஷினைப் போடுவார். ஒரு நாளைக்கு இருபது முறை. அவர் போய்ச் சேரும்போது அந்த ஆள் கையை எடுத்து ரொம்ப நேரம் ஆகியிருக்கும். மற்ற ஆட்களும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள். கத்தினால் மூன்று கேஸ் போடுவார்கள், அதில் ஒன்று நாய் கேஸ் என்று ஷாப் முழுக்கப் பரவியிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அண்ணனைப் பார்த்து யாராவது ஊளையிட்டுக் காட்டுவார்கள், அவரும் சிரிப்பார். என்னிடம் எவன் தலை என்று கேட்பதை நிறுத்திவிட்டார்.

ஒரு மாதம் போயிருக்கும். இரண்டாம் நம்பரில் உற்பத்தி பாதியாகிவிட்டது, ஆள் அடிக்கடி இடத்தை விட்டுப் போகிறார் என்று எஞ்சினியர் எழுதிக் கொடுத்தார். பர்சனல் ஆபீசர் என்னைக் கூப்பிட்டார்.

"இடத்தை விட்டுப் போனதுக்கு ஒரு மாதிரி இருக்கும் பாரு. பேர் போட்டு எடுத்துட்டு வா."

நான் போகவில்லை. அப்படியே நின்றேன். "சார், அவரு கத்த மாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்காரு சார்" என்றேன்.

"என்ன?"

மறுபடி சொன்னேன். அதனால்தான் நடந்து போய்த் தட்டுகிறார் என்றும் சொன்னேன். ஆபீசர் பேனாவை மூடினார். அந்தக் கடிதத்தை எடுத்து வரச் சொல்லிப் படித்தார். எந்தக் காரணத்துக்காகவும் என்ற இடத்தில் விரலை வைத்தார். இதை அடிக்கும்போது பார்க்கவில்லையா என்று கேட்டார். பார்த்தேன் சார் என்றேன். அவர் என்னைக் கேட்டாரா, தன்னையே கேட்டுக்கொண்டாரா என்று தெரியவில்லை.

"போய் அந்த ஆள்கிட்ட சொல்லு. டேஞ்சர்னா சத்தம் போடலாம். நான் சொன்னேன்னு சொல்லு."

உள்ளே போனேன். அந்த இரைச்சலில் என் குரல் என்ன ஆகும்? அண்ணன் மிஷினை நிறுத்திக் காதைக் கொடுத்தார். சார் கத்தலாம் என்கிறார் என்றேன்.

"எழுதிக் குடுக்கச் சொல்லு."

திரும்பி வந்து சொன்னேன். ஆபீசருக்கு முகம் சிவந்துவிட்டது. கத்துவதற்கு அனுமதிக் கடிதமா, ஊரில் சொன்னால் சிரிப்பார்கள், வாயால் சொன்னால் போதும் என்றார். மறுபடி உள்ளே போனேன்.

"கத்துனதுக்கு எழுத்துல குடுத்தாங்க இல்ல? இதுக்கும் எழுத்துல குடு."

அந்தக் காலையில் நான்கு முறை அந்த இரண்டு கதவுகளையும் தாண்டிப் போய்வந்தேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்துத்தான் எரிச்சல் பட்டார்கள். ஒருவருக்கும் மற்றவரிடம் நேராகப் போக மனம் இல்லை. எனக்கோ, இருவரையும் ஒரே இடத்தில் நிறுத்திச் சத்தமாக நாலு வார்த்தை கேட்கத் தெம்பு இல்லை. கடைசியில் ஆபீசர், மெமோ வேண்டாம், விட்டுவிடு, அவர் எப்படியோ போகட்டும் என்றார்.

சாப்பாட்டு மணி அடித்து ஆபீஸ் காலியானதும் மிஷினில் ஒரு காகிதம் செருகினேன். ஆபத்து நேரத்தில் நீங்கள் கத்த அனுமதிக்கப்படுகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் அடித்தேன். ஷவுட் என்ற ஒரு சொல்தான் போட்டேன். கையெழுத்துக்கான இடத்தில் கோடு மட்டும் இருந்தது. அதை எடுத்துப் பார்க்கையில் எவ்வளவு வெட்டியான காகிதம் என்று தெரிந்தது. ஆபீசர் போட மாட்டார், நான் போட்டால் செல்லாது. கசக்கப் போனவன், கீழே இருந்த காலி இடத்தில் பேனாவால் தமிழில் எழுத ஆரம்பித்தேன். அன்றைக்கு நான் நோட்டீஸ் ஒட்ட ஷாப்புக்குள் போயிருந்தேன். எஞ்சினியரின் வலது கை மூன்றாம் நம்பர் அச்சுக்குள் முழங்கை வரை இருந்தது. பிரஸ்காரரின் கால் பெடல்மேல் இருந்தது. இரண்டாம் நம்பர்காரர் சத்தம் கொடுத்ததால் கை வெளியே வந்தது. அதே நொடியில் பிரஸ் இறங்கியது. இதை நான் கண்ணால் பார்த்தேன். அடியில் என் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டேன்.

அண்ணன் சாப்பிட்டுவிட்டு ஷாப் வாசலில் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். கொடுத்தேன். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். மேலே இருந்த ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழை ஒவ்வொரு சொல்லாக, உதடு அசைய, மெல்லப் படித்தார். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"எல்லாம் சரியாக் கீது" என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. "இத அன்னிக்கு மாடியில வெச்சு சொல்லி இருந்தா இன்னா?"

பதிலுக்காக அவர் நிற்கவில்லை. காகிதத்தை நாலாக மடித்து டிபன் பைக்குள் வைத்தார். மணி அடித்தது. உள்ளே போய் மிஷினைப் போட்டார். நான் ஆபீஸ் கதவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் ஐந்தாம் நம்பரில் யாரோ அச்சுக்குள் கையை விட்டார்கள். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. மிஷினை நிறுத்தினார். சக்கரம் அடங்கும்வரை நின்றார். பிறகு நடக்க ஆரம்பித்தார்.